கப்பலுக்குப் பூசிய மெழுகு

அக்கா,

மடியில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் உங்கள் மகன் ஜமாலின் கடையில் வாங்கியது. உள்ளே இரண்டு ஜோடி சின்னச் செருப்பு. என் தம்பி சின்னராசுவின் பெண்களுக்கு. அத்தைக்காரி நான் அந்த இரண்டு பிள்ளைகளையும் இன்னும் பார்த்ததில்லை. மலேயாவிலிருந்து வந்த போட்டோவில் கால்களைப் பார்த்து, விரலால் அளந்து, குத்துமதிப்பாகத்தான் வாங்கினேன். இந்த வயதுவரை எனக்கென்று ஒரு செருப்பு வாங்கிப் போட்டதில்லை. அளவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். வாசனை குப்பென்று வந்தது. ஆவாரம்பட்டை, தேன்மெழுகு, அதற்கு அடியில் இன்னும் ஏதோ ஒன்று. திறந்த கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், கன்னிவாடி போகிற பஸ்ஸில், ஒரு மணி நேரம் என் மடியில் இருந்த வாசனை அது.

நீங்கள் இருந்திருந்தால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற குட்டைச்சுவர் மேலே எட்டிப் பார்த்து அப்போதே கேட்டிருப்பேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. கேட்க வேண்டியது மட்டும் இப்போதுதான் வந்திருக்கிறது. எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியாமலே எழுதுகிறேன்.

என் வீட்டிலேயே இருந்து வளர்ந்த சின்னராசு கப்பலேறிப் போன முதல் இரண்டு வருஷமும் மாதம் தவறாமல் கடிதம் வந்தது. அப்புறம் ஒரு தை மாதத்தோடு நின்றுபோனது. மாசி போனது, பங்குனி போனது. தபால்காரர் நம் தெருவுக்குள் நுழைந்தால் நான் வாசலுக்கு ஓடுவேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். சித்திரை முடிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றி நேர்ந்துகொண்டேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும், நான்தான் நூறு தடவை சொல்லியிருக்கிறேனே. கண்ணில் கோளாறு என்றால் கண்மலர் வாங்கிப் போடுவோம். கால் வலி என்றால் மண்ணில் கால் செய்து வைப்போம். பிள்ளைக்கு ஏங்குகிறவள் மரத்தொட்டில் கட்டுவாள். எதற்குக் கேட்கிறோமோ அதன் உருவத்தையே அம்மனுக்குக் கொடுப்பது. என் தம்பி போனது கப்பலில். ஆகவே நான் கப்பல் நேர்ந்தேன். ஆடிப் பதினெட்டன்று என் பிறந்த ஊரான கன்னிவாடிக் கண்மாயில் விளக்கேற்றிக் கப்பல் விடுவது. இந்தக் கரையில் விட்டால் எதிரே மாரியம்மன் கோயில் கரைக்கு விளக்கு அணையாமல் போய்ச் சேர வேண்டும். கடைசியில் சொன்ன அந்த நிபந்தனையை யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது. ஏன் சேர்த்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. சும்மா கப்பல் விடுகிறேன் என்று நிறுத்தியிருக்கலாம். என் வாய் எங்கே நிற்கும்?

உங்களிடம் வந்து சொன்னபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள்.

"வாழமட்டையில வெளக்கு விட்டாப் பத்தாதா புள்ள? ஊரே அதத்தான விடுது?"

"அது ஊரு விடுறதுக்கா. நான் நேந்துக்கிட்டது கப்பலு. வாழமட்ட கப்பலாகுமா? அவன் என்ன வாழமட்டையிலயா போனான்?"

"அதுவுஞ் சரிதான்" என்றீர்கள். "ஒங்க மாரியாத்தா கேள்வி கேட்டா நீதான பதில் சொல்லணும்."

தச்சரிடம் போனால் ஆடி கழித்துத்தான் முடியும் என்றார். மண்ணில் செய்தால் கரைந்துவிடும். கடைசியில் ஜவுளிக்கடைச் சேலைப் பெட்டி ஒன்றை எடுத்தேன். முனைகளை வெட்டி மடக்கி, புளியங்கொட்டையை அரைத்துப் பசை காய்ச்சி ஒட்டி, கப்பல் மாதிரி ஒன்று வந்துவிட்டது. அதோடு விட்டேனா? சாமிக்குப் போகிற பொருள், சுத்தம் செய்யாமல் எப்படி விடுவது? மஞ்சள் தண்ணீர் கரைத்து உள்ளேயும் வெளியேயும் மூன்று தடவை தெளித்தேன். வெயிலில் வைத்தேன். அப்பளம் மாதிரி வளைந்துகொண்டது. அப்புறம் விளக்கு. அம்மன் விளக்கைக் கால் வைக்கிற இடத்தில் வைக்கலாமா? அட்டையிலேயே நாலு கால் மண்டபம் கட்டி, அதன் உச்சியில் அகலை வைத்தேன்.

வீட்டு அண்டாவில் தண்ணீர் நிரப்பி விட்டுப் பார்த்தேன். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. அகல் சறுக்கித் தண்ணீரில் விழுந்து 'சொய்ங்' என்றது. அட்டை கூழாகிக் கையோடு வந்தது. என் வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து நின்றார்.

"குடிக்கக் கொடம் தண்ணிக்கு ஊரே வரிசையில நிக்கிது. இவ அண்டா நெறைய ஊத்திக் கப்பலக் கவுத்துக்கிட்டிருக்கா."

சுவருக்கு மேலே உங்கள் முகம் தெரிந்தது. "என்ன புள்ள, கப்பல் எந்த ஊரு போய்ச் சேந்துச்சு?"

"முங்கிருச்சுக்கா" என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்டாவில் முங்கியது அட்டை என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் போன கப்பலையே நான் கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுற்றி வாசல் வழியாக வந்தீர்கள். ஊறிய அட்டையைப் பிழிந்து பார்த்தீர்கள். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"ஏத்தா, கப்பலக் குளிப்பாட்டியா விட்டே? அப்புறம் அது என்ன செய்யும் பாவம்? அழுகாத. கொண்டா, நான் பண்ணித் தாரேன்."

"நீங்களா?"

நான் கேட்ட தொனி உங்களுக்கு விளங்கியிருக்கும். நேர்த்திக்கடன் பொருளை நீங்கள் செய்யலாமா என்று என் மனசு இழுத்தது உண்மைதான். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை.

"நீ நேந்துக்கிட்டது கப்பல் கட்டுறதா, கப்பல் விடுறதா?"

"விடுறதுதான்."

"அப்பக் கட்டுறவ யாரா இருந்தா ஒனக்கென்ன? விடுறவ நீ. அவன் எங்க வீட்டு நோம்புக் கஞ்சி குடிச்சு வளந்த பய. எனக்கு மட்டும் வயிறு எரியாதா?"

மூன்று நாள் உங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு என்னை விடவில்லை. எட்டிப் பார்த்தால், "நீ வந்தா பேசிப் பேசியே பசையக் காய விடமாட்டே, போ" என்று துரத்தினீர்கள். என் வாய்க்குப் பயந்துதான் துரத்துகிறீர்கள் என்று நானும் நம்பினேன். உள்ளே ஏதோ உருகுகிற வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. உங்கள் வீட்டுக்காரரின் செருப்புப் பட்டறை ஊருக்கு வெளியே தோல் பதனிடுகிற ஷாப்புப் பக்கம். நான் அந்தத் திசைக்கே போனதில்லை. அந்த வாசனையை எதோடும் சேர்த்து நினைக்க எனக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் வெள்ளைத் துணியில் மூடிக் கொண்டுவந்தீர்கள். முழங்கை நீளக் கப்பல். மூக்கு கூராக மேலே ஏறியிருந்தது. அடி அகலமாகத் தட்டையாக இருந்தது. மூலைகளை ஒட்டாமல் நூலால் நெருக்கமாகத் தைத்து, தையல் ஓட்டை ஒவ்வொன்றிலும் மெழுகை அடைத்திருந்தீர்கள். உடைந்த முறத்திலிருந்து மூங்கில் சிம்பு எடுத்து உள்ளே விலா எலும்பு மாதிரி வளைத்து வைத்திருந்தீர்கள். உள்ளும் புறமும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, அதன் மேலும் மெழுகு பூசியிருந்தது. தொட்டால் வழவழவென்று இருந்தது.

"என்ன மெழுகுக்கா இது?"

"மெழுகுதான். வேறென்ன?"

"ஒரு மாதிரி வாசமடிக்குதே."

"கப்பல்னா வாசமடிக்கத்தான் செய்யும். நீ எந்தக் கப்பல மோந்து பாத்திருக்க?"

நான் சிரித்துவிட்டேன். மேலே ஒட்டியிருந்த காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நெருடினேன். நீங்கள் பட்டென்று என் கையைத் தட்டினீர்கள். "அதப் பிரிக்காத. பிரிச்சாத் தண்ணி ஏறிரும்." அந்தத் தட்டு இன்னும் என் கையில் இருக்கிறது அக்கா. இப்போதுதான் அது எதற்கென்று தெரிகிறது.

விளக்குக்குத்தான் நமக்குள் சண்டை. நான் உச்சியில் வைக்க வேண்டும் என்றேன். "ஒசரத்துல வெச்சாக் கவுந்துரும். பாரம் அடியிலதான் இருக்கணும்" என்றீர்கள். அம்மன் விளக்கைத் தரையில் வைக்க மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "சரி, அடியில ரெண்டு படி பச்சரிசி பரப்பு. ஒங்க விசேஷத்துல அரிசி மேலதான வெளக்கு வெப்பீக? மரியாதைக்கு மரியாதையாச்சு, பாரத்துக்குப் பாரமாச்சு." எங்கள் வழக்கத்தை எனக்கே எடுத்துச் சொல்லி வாயடைத்தது நீங்கள் ஒருவர்தான்.

ஆடிப் பதினெட்டன்று காலை பஸ்ஸில் கப்பல் என் மடியில் இருந்தது. நீங்கள் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, கப்பலுக்கும் சேத்து டிக்கெட்டா?"

"மடியில இருக்கதுக்கெல்லாம் டிக்கெட் கெடையாதுப்பா" என்று நீங்கள் சொன்னீர்கள். "கைப்பிள்ளன்னு நெனச்சுக்க." பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வழி நெடுக மாரியாத்தா மாரியாத்தா என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

மலையில் மழை பெய்து கண்மாயில் பாதி நீர் இருந்தது. அரிசி பரப்பி, அகலை வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றினேன். ஏற்றியது நானா, காற்றில் அணைகிறது என்று நீங்கள் தீக்குச்சியை வாங்கிக் கிழித்துக் கொடுத்தீர்களா? அது இப்போது குழம்புகிறது. தண்ணீரில் இறக்கிவிட்டேன். சாயவில்லை. காற்று எங்கள் முதுகிலிருந்து அடித்தது. கப்பல் வாத்து மாதிரி அசைந்து அசைந்து போனது. பாதித் தூரம் போயிருக்கும். கோரைப்புல் திட்டு ஒன்றில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

காற்றும் நின்றது. நான் கைகூப்பிக்கொண்டே நிற்கிறேன். அவன் அங்கேயேதான் நிற்கிறான், நடுக்கடலில் நிற்கிறான் என்று மனசு அடித்துக்கொண்டது. பக்கத்தில் 'தொபுக்' என்று சத்தம். பார்த்தால் நீங்கள் கரையிலிருந்து மண்ணாங்கட்டி எடுத்துத் தண்ணீரில் எறிகிறீர்கள்.

"அக்கா! என்ன பண்றீக? அம்மா பாத்துக்கிட்டிருக்கா!"

"பாக்கட்டும். நானென்ன கப்பலயா அடிக்கிறேன்? தண்ணியத்தான தட்டுறேன்."

ஒன்று, இரண்டு, மூன்று. துப்பட்டி தோளில் விழுந்ததுகூடத் தெரியாமல் எறிந்தீர்கள். அலை போய்க் கோரையைத் தட்டியது. கப்பல் மெல்லப் பின்னால் வந்தது, திரும்பியது, திட்டைச் சுற்றிக்கொண்டு போனது. சுடர் படுத்து எழுந்தது. நான் கரையோரமாகவே ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அது அம்மன் படித்துறையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையில் எடுத்தேன், தாமரை இலை மாதிரி தண்ணீர் உருண்டு ஓடியது. உள்ளே அரிசி ஒன்றுகூட நனையவில்லை.

பூசாரி பார்த்து அசந்துபோனார். "நல்ல வேலப்பாடு. யாரு செஞ்சது?"

"எங்கக்கா" என்று உங்களைக் காட்டினேன்.

"இதப் போயித் தண்ணியில விட்டுட்டுப் போறதா? ஆத்தா காலடியிலயே இருக்கட்டும்" என்று அவர் கை நீட்டினார்.

"வேணாஞ் சாமி" என்றீர்கள் நீங்கள், அவசரமாக. "தண்ணிக்குன்னு செஞ்சது. தண்ணியிலயே இருக்கட்டும்."

உங்கள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வேற்று மதத்தவர் என்ற கூச்சம் என்று நினைத்தேன். எனக்காகக் கூச்சப்படுகிறாரே என்று பெருமைகூடப் பட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, அம்மா சந்தோசப்படுவா" என்று நானே பூசாரியிடம் எடுத்துக் கொடுத்தேன். நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன் அக்கா. அவர் அதை உள்ளே கொண்டுபோய் அம்மன் பாதத்தில் வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசிக்கொண்டே வந்தேன்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் கடிதம் வந்தது. சின்னராசு காய்ச்சலில் விழுந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். பிழைத்துவிட்டான். கடிதத்தை உங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்து மேலே பார்த்தால், அவன் போட்டிருந்த தேதி ஆனி மாதக் கடைசி. நாம் கப்பல் விடுவதற்கு மூன்று வாரம் முந்தி எழுதியது.

"அக்கா, கப்பல் விடுறதுக்கு முந்தியே எழுதிட்டான். அப்ப நம்ம விட்டது?"

"நீ நேந்துக்கிட்டது எப்ப?"

"வைகாசியில."

"அப்பவே ஒங்க ஆத்தா கெளம்பிட்டா. நீதான் மெதுவா வந்து சேந்த" என்றீர்கள். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மன் அருளையும் சொன்னேன், உங்கள் கைவேலையையும் சொன்னேன். நான் சொல்லும்போதெல்லாம் நீங்கள் ஏதாவது வேலையைச் சாக்கிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

நீங்கள் படுத்த படுக்கையான அந்தக் கடைசி மாதம், தினமும் சாயங்காலம் ரசம் வைத்துக்கொண்டு வருவேன். ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும் புள்ள" என்றீர்கள். "சொல்லுங்கக்கா" என்றேன். நீங்கள் மூச்சு வாங்கினீர்கள். அந்த இடைவெளியில் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். சின்னராசுவுக்கு இரண்டாவதும் பெண் என்று கடிதம் வந்த சேதி, அவளுக்கு என்ன பேர், யார் ஜாடை, கோயிலில் கொடியேற்றம் என்றைக்கு. எல்லாம் சொல்லி முடித்தபோது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் உங்களுக்குப் பேச்சே இல்லை. என்னவாக இருக்கும் என்று மூன்று வருஷமாக நினைத்துப் பார்த்தேன். ஜமாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல நினைத்திருப்பீர்கள் என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

பத்து நாளைக்கு முன்னால் இந்தப் பெட்டியைத் திறந்ததும் அந்த முடிவும் போயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் கடைக்கே போனேன்.

"என்ன சின்னம்மா, அளவு சரியில்லையா?" என்றான் ஜமால்.

"அளவு கெடக்கட்டும்ப்பா. இது என்ன வாசம்?"

"தோலுக்குப் பூசுற மெழுகு. எங்க அம்மா பக்குவம் சின்னம்மா. தேன்மெழுகு, வெளக்கெண்ண, கொழுப்பு, மூணையும் சேத்து உருக்குறது. இதப் பூசிட்டா மழைத் தண்ணி உள்ள ஏறாது."

"அட்டையில பூசுனா?"

அவன் சிரித்தான். "ஒங்க கப்பலா? எங்க அத்தா கடைக்குன்னு வந்த பூட்ஸ் பெட்டி, நல்ல கெட்டி அட்ட, ரெண்ட அம்மா வெட்டிட்டாங்கன்னு அன்னைக்கு வீட்ல என்ன ரகள! ஏன், அம்மா ஒங்ககிட்டச் சொல்லலியா?"

"சொன்னா, சொன்னா" என்று பொய் சொன்னேன். என்ன கொழுப்பு என்று கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். செருப்புப் பெட்டி. கொழுப்பு. அதில் அம்மனுக்கு விளக்கு. அது போதாதென்று அம்மன் காலடியில். அம்மன் அதை ஏற்றுக்கொண்டாளா, பொறுத்துக்கொண்டாளா? பொறுத்துக்கொண்டாள் என்றால் இன்னும் எத்தனை நாளைக்கு? ஏற்றுக்கொண்டாள் என்றால், இத்தனை வருஷம் நான் குளித்து முழுகி, ஈரச் சேலையோடு, தீட்டுப் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் எதற்கு? ஒருநாள் உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. சுவரைப் பார்த்து ஏசக்கூடச் செய்தேன். மறுநாள், எனக்காக இரண்டு பெட்டியை வெட்டி வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கியது நீங்கள்தானே என்று அழுதேன். எது சரி என்று எனக்குப் பிடிபடவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பூட்டுக்குச் சாவி அராவிக்கொண்டே கேட்டார். "கோயில்ல அடிக்கிற மேளத்துக்கு என்ன, வாழமட்டையவா போத்தியிருக்கான்? தோலுதான?"

"மேளம் வேற, வெளக்கு வேற."

"என்ன வேற?"

தெருக்கோடி மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போய் நின்றேன். "சாமி, ஒரு சந்தேகம். ஒரு கப்பலு..." என்று ஆரம்பித்தேன். "கப்பலா? எந்தக் கப்பலு?" என்றார். அந்த நேரம் பார்த்து யாரோ அய்யலூர்ச் சந்தையில் வாங்கிய கிடாயை மாலை போட்டு இழுத்துக்கொண்டு வந்தார்கள், அம்மனுக்கு நேர்ந்துவிட்டதாம். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். "கூழு எப்ப ஊத்துறீக சாமி?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பழசு பழசோடு போகட்டும் என்று விடவும் முடியாது அக்கா. சின்னராசு ஊருக்கே திரும்பி வருகிறான். கப்பலேறிவிட்டதாகத் தந்தி வந்திருக்கிறது. இந்தத் தடவை அவன், அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், நாலு உயிர் கடலில் இருக்கிறது. காற்றுக் காலம் வேறு. அவன் கிளம்பப்போகிறான் என்று ஆனியில் கடிதம் வந்த அன்றே திரும்பவும் நேர்ந்துகொண்டேன். போன தடவை சொன்னது போலவே, அச்சு மாறாமல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, விளக்கு அணையாமல். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது.

நான்கு நாளைக்கு முன்னால் சுத்தமான கப்பல் ஒன்று கட்டினேன். புதுச் சேலைப் பெட்டி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தேன்மெழுகு, வேறு கலப்பே இல்லை. நீங்கள் தைத்த மாதிரியே தைத்தேன். அடி அகலமாக வைத்தேன். அண்டாவில் விட்டேன். செத்த நேரம் நன்றாக நின்றது. அப்புறம் மடிப்பு ஓரத்தில் மெழுகு பொரிந்து வெடித்தது. அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி ஏறியது. தனி மெழுகு வளைந்து கொடுக்காது போலிருக்கிறது. அதற்குத்தான் நீங்கள் அதைக் கலந்தீர்களா? அண்டாப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி ஒவ்வொன்றாக நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் இதையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள், ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்று இருந்தது.

முந்தாநாள் ஜமாலிடம் போனேன். கெட்டியான பூட்ஸ் பெட்டி ஒன்று கேட்டேன். ஒரு சிரட்டையில் அந்த மெழுகும் கேட்டேன். எதற்கென்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தான். உங்கள் பிள்ளையல்லவா.

கட்டி முடித்துவிட்டேன். வெள்ளைக் காகிதமும் ஒட்டிவிட்டேன். மூக்கு உங்கள் கப்பல் மாதிரிக் கூராக வரவில்லை, கொஞ்சம் கோணல். அண்டாவில் ராத்திரி பூராவும் மிதந்தது. காலையில் உள்ளே கை விட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. விளக்குக்கு அடியில் பச்சரிசிதான் பரப்பப் போகிறேன். மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன், பழக்கம் விடவில்லை. எடுத்து என் தலையில் தெளித்துக்கொண்டேன். கப்பலுக்குத் தெளிக்கவில்லை.

நாளைக்கு ஆடிப் பதினெட்டு. காலை பஸ்ஸுக்குப் போகிறேன். செய்வது சரியா தப்பா என்று இதை எழுதி முடிக்கும்போதும் எனக்குத் தெரியவில்லை. பூசாரி காலடியில் வைக்கிறேன் என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. நீங்கள் சொன்னதைச் சொல்லிப் பார்ப்பேன், தண்ணிக்குன்னு செஞ்சது சாமி என்று. அம்மனே கேட்டால், இது என்னடி மெழுகு என்று கேட்டால், அதற்கும் நீங்கள் எனக்குச் சொன்ன பதில்தான் என்னிடம் இருக்கிறது. மெழுகுதான் தாயே, வேறென்ன.

முந்தானையில் நாலு மண்ணாங்கட்டி முடிந்து வைத்திருக்கிறேன். கண்மாய்க் கரையில் மண்ணுக்குப் பஞ்சமில்லை, தெரியும். இருந்தாலும் இவை உங்கள் வீட்டுச் சுவரோரம் எடுத்தவை.